பாறை

ஒரு சிறு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள். பொய்யும் சின்னதுதான், ஒரே சொல். அது ஏன் இத்தனை நாளாக உறுத்துகிறது என்று யோசித்ததில் எழுந்தது இக்கட்டுரை.

மேல்மலையனூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்தும் நண்பர் என்னிடம் ஓர் உலகம் கட்டித் தரக் கேட்டார். என் அக்கா பிள்ளைகளோடு நான் மைன்கிராஃப்ட் ஆடுவதை அவர் பார்த்திருக்கிறார். 2011ல் முழு வடிவில் வெளியான இந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கு 2016லிருந்து கல்விக்கென்று தனிப் பதிப்பு உண்டு. அதில் மண், கல், மரம் எல்லாமே ஒரு மீட்டர் கனசதுரங்கள். ப்ளாக் என்கிறார்கள். உடைக்கலாம், அடுக்கலாம். ஆசிரியர் ஓர் இடத்தைக் கட்டிவைத்து மாணவர்களை அதனுள் இறக்கிவிடலாம். நண்பர் கேட்டது செஞ்சிக் கோட்டை. இருபது கிலோமீட்டர் தள்ளி நிஜக் கோட்டை இருக்கிறது. 2025ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே பஸ்ஸில் கூட்டிப் போனால் என்ன என்றேன். போயிருக்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

வங்கி வேலை முடிந்த இரவுகளில் மூன்று மாதம் கட்டினேன். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. அதாவது 240 ப்ளாக் உயரம். கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூன்றையும் இணைக்கும் மதில், கல்யாண மகால், களஞ்சியங்கள், உச்சிக்குப் போகிற வழியில் பாறைப் பிளவின் மேல் பாலம். பாடம் ஒரு கேள்வி: 1690ல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698 வரை இழுத்தது ஏன்? பிள்ளைகள் சுற்றிப் பார்த்துத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் எனக்குப் பயம். முப்பது பிள்ளைகள் உள்ளே நுழைந்தால் என் மூன்று மாத உழைப்பு அரை மணியில் தரைமட்டம். கல்விப் பதிப்பில் அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 'டினை' என்று ஒரு ப்ளாக், மறுப்பது என்று அர்த்தம். அதைப் பூமிக்குள் புதைத்துவிட்டால் அதற்கு மேலே மாணவன் எதையும் உடைக்கவோ கட்டவோ முடியாது. கோட்டை முழுவதன் அடியிலும் பரப்பினேன்.

அந்தப் பெண் மதிலுக்கு வெளியே நின்று தரையைக் கொத்திக்கொண்டே இருந்தாள். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி உள்ளே போகப் பார்த்திருக்கிறாள். முற்றுகையிடுகிறவன் யோசிக்கக்கூடிய காரியம். "ஏன் சார் இங்க மட்டும் தோண்ட வரல?" என்றாள். "பாறைம்மா" என்றேன்.

அவள் நோட்டில் எழுதினாள்: கோட்டைக்கு அடியில் பாறை. தோண்ட முடியாது. அதனால்தான் எட்டு வருஷம்.

விடை முற்றிலும் தப்பு என்றும் சொல்ல முடியாது. செஞ்சி கருங்கல் மலைதான். ஆனால் அவள் தொட்டது மலையை அல்ல, என் பயத்தை. ஒருவன் வைத்த தடையை அவள் இயற்கை என்று எழுதிக்கொண்டுவிட்டாள்; எழுதவைத்தவன் நான்.

இந்தப் பொய் எனக்குப் புதிதல்ல என்பது பிறகுதான் உறைத்தது. கவுண்ட்டரில் ஒரு விவசாயி நகைக்கடனைப் புதுப்பிக்க வருகிறார். எங்கேயோ ஒரு மேஜையில், யாரோ சில மனிதர்கள், இன்ன தேதிக்கு மேல் இப்படிச் செய்யக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். நான் அவரிடம் அதைச் சொல்வதில்லை. "சிஸ்டம் எடுக்கல பெரியவரே" என்கிறேன். மழை பெய்யவில்லை என்பதைக் கேட்டுக்கொள்கிற முகத்தோடு அவர் கேட்டுக்கொள்கிறார். மழையோடு யார் வாதாடுவது? மனிதன் போட்ட விதி என்றால் 'யார் போட்டது?' என்று கேட்கலாம், சண்டை போடலாம். பாறையிடம் கேள்வி இல்லை. நம் ஊர்களில் ஒரு தெருவுக்குள் செருப்போடு போகக் கூடாது என்ற தடையும் நெடுங்காலம் பாறையாகத்தான் சொல்லப்பட்டது.

ரூஸோ 1762ல் எழுதிய 'எமீல்' இந்த உத்திக்குத் தத்துவ அந்தஸ்தே கொடுத்துவிட்டது. குழந்தை மனிதர்களின் இச்சைக்குக் கட்டுப்படக் கூடாது, பொருள்களின் நியதிக்கு மட்டுமே கட்டுப்படவேண்டும் என்பது அவர் வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நியதியை ஏற்பாடு செய்பவர் ஆசிரியர். எமீல் அவரை விதை நடுகிறான். தோட்டக்காரன் வந்து பிடுங்கி எறிகிறான். அங்கே ஏற்கனவே அவன் முலாம்பழம் போட்டிருந்தானாம். உடைமை என்றால் என்ன என்று பையன் கற்றுக்கொள்கிறான். இதைத் திட்டமிட்டவர் பக்கத்திலேயே அப்பாவியாக நிற்கிறார். தான் சுதந்திரமானவன் என்று நம்பிக்கொண்டிருப்பவனின் அடிமைத்தனத்தைப் போல முழுமையானது வேறில்லை என்பதை ரூஸோவே உணர்ந்திருந்தார். உணர்ந்தும் அதையே சிபாரிசு செய்தார்.

நண்பருக்கு இதெல்லாம் மிகை. "எந்தப் பாடத்துக்கு வேலி இல்லை? வரைபடத்தில் எல்லாவற்றையுமா வரைகிறோம்?" என்கிறார். நியாயம்தான். வேலி இல்லாமல் பாடம் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. என் ஆட்சேபம் வேலியின் மேல் அல்ல, வேலிக்குப் பாறை வேஷம் போட்டதன் மேல்.

வேலியை எடுத்துவிட்டாலும் பிரச்னை தீராது என்பது வேறு விஷயம். இந்த ஆட்டத்தின் இயற்கையே சிலர் எடுத்த முடிவு. மரத்தின் அடியை வெட்டினால் மேல்பாதி அந்தரத்தில் நிற்கும். நாலு ப்ளாக் குழியில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும், எத்தனை மொண்டாலும் வற்றாது. ஏரி நிரம்பினால்தான் நடவு என்றிருக்கிற ஊரின் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கே அவர்கள் ஏமாறவில்லை. தண்ணீரை அவர்களுக்குத் தெரியும். தெரியாத இடத்தில்தான் நாம் சொல்வது பாறையாகிவிடுகிறது.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருகிறான். ராஜா சபைக்கு வருமுன்னே வந்து, இன்னார் வருகிறார் என்று அறிவிக்கிறான். நடுவில் கிரீடத்தைக் கேலி செய்கிறான். உள்ளூர்ச் சமாசாரம் பேசுகிறான். அவன் இருப்பதால் யாரும் துரியோதனனை நம்பாமல் போவதில்லை. வேஷம் என்று தெரிந்தே விடிய விடிய உட்கார்ந்து அழுகிறார்கள். பாடத்துக்காக உலகம் கட்டுகிறவன் அதில் கடவுளாக மறைந்து நிற்பதைவிடக் கட்டியங்காரனாக முன்னால் வந்து நிற்பதுதான் யோக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் போய் உண்மையைச் சொன்னேன். "அப்ப அது உங்க ரூலா சார்?" என்றாள் அந்தப் பெண். கோபமில்லை, கணக்கில் விட்ட தப்பைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு முகம். டினை ப்ளாக்குகளை எடுத்தேன். இருபது நிமிஷத்தில் மதில் போயிற்று. கல்யாண மகாலின் மேல்மாடி மட்டும், கீழே எதுவும் இல்லாமல், ஆகாயத்தில் நின்றது. நண்பர் என்னோடு பேசாமல் போனார். அந்தப் பெண் நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கேட்டாள்: "நெஜத்துல யாராவது தோண்டிப் பாத்தாங்களா சார்?"

என் மூன்று மாத உலகத்தில் எழுந்த முதல் வரலாற்றுக் கேள்வி அதுதான். உலகம் இடிந்த பிறகு எழுந்தது.

இத்தோடு முடித்தால் நான் திருந்திவிட்டதாக ஆகும். போன அமாவாசையன்று அங்காளம்மன் கோயில் கூட்டம் கிளைக்குள்ளும் வழிந்திருந்தது. வரிசை நீளம். நகைக்கடன் பெரியவர் மறுபடி வந்தார். நிமிராமலே சொன்னேன்: "சிஸ்டம் எடுக்கல."