காணாத பொருளும் பகுத்தறிவும்

கட்புலனாகாத ஒன்றை உண்டெனக் கொள்வது பகுத்தறிவுக்கு ஒக்குமா? பேய்க்கும் சோதிடத்துக்கும் எதிராக வகுப்பில் வாதிடும் நம்மை நோக்கி, இருட்பொருளைப் பற்றி வாசித்த மாணவன் ஒருவன் இவ்வினாவை எழுப்பினான். "கண்டதையே நம்பு என்றீர்களே ஐயா, இதை எவர் கண்டார்?" நாம் புகட்டிய பாடத்தையே நம்மீது திருப்பினான். பிழை அப்பாடத்தில்தான் இருந்தது.

1933இல் சுவிக்கி என்னும் வானியலாளர் கோமாத் திரளிலுள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தை ஆராய்ந்தார். ஒளிரும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைச் சிதறாமற் பிணைத்து வைக்கப் போதாது. ஒளி விடாத பொருள் அங்கு மிகுந்திருத்தல் வேண்டும் என்றார். 1970களில் வேரா ரூபினின் ஆய்வுகள் இம்முடிவுக்கு வலுவூட்டின.

அப்பொருள் ஆதி விண்மீன்களை என்செய்திருக்கும்? 2008இல் வெளியான கட்டுரையொன்றில் இசுப்போலியர், பிரீசு, கொண்டோலோ ஆகிய மூவர் இதனை ஆராய்ந்தனர். முதல் விண்மீன்கள் இருட்பொருள் அடர்ந்த இடங்களின் நடுவே உருவாயின. அதன் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழியும் இயல்பினவாயின், அவ்வெப்பமே சுருங்கும் வாயுவைத் தாங்கி நிற்கும். அணுக்கருச் சேர்க்கை தொடங்கவேண்டியதில்லை. நிறையில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த இருட்பொருளே இதற்குப் போதும். ஐதரசன் ஈலியமாகும்போது நிறையில் நூற்றிலொரு பங்குகூடச் சக்தியாவதில்லை. துகள்கள் அழியும்போதோ ஏறக்குறைய முழுவதுமே சக்தியாகிறது. இவற்றுக்கு இருள் விண்மீன்கள் என்று பெயர். பெயரில்தான் இருள், இருந்திருப்பின் மிகுந்த ஒளியுடன் விளங்கியிருக்கும். வெப் தொலைநோக்கி கண்ட மூன்று பொருள்கள் இவ்வகையினவாகலாம் என 2023இல் ஆய்வாளர் கூறினர். அவை சாதாரண மண்டலங்களாகவும் இருக்கலாம். எது மெய்யென ஒளியைப் பிரித்து நோக்கி அறியலாம்: ஈலியம் உறிஞ்சிய தடம் உரிய இடத்தில் தெரிதல் வேண்டும்.

பேயை நம்புவோன் இத்தகைய நிபந்தனை எதற்கும் உடன்படான். வேறுபாடு இங்கேதான் என்றோம்.

ஆயினும் அறிவியலாரைத் தூய முனிவராக்கிக் காட்டுதல் நேர்மையன்று. யுரேனசின் பிறழ்வைக் கணித்து, காணாத கோள் ஒன்று உண்டென்றார் லெவெரியே; 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. அதே முறையில், புதனின் பிறழ்வுக்கும் காணாத பொருளே காரணம் என 1859இல் அவர் கூறினார். வல்கன் எனப் பெயரும் சூட்டினர். அதனைக் கண்ணாற் கண்டோம் என்றவர்களும் இருந்தனர்! 1915இல் ஐன்சுடைன் ஈர்ப்பு விதியையே திருத்தியபோது அக்கோளுக்கு வேலையில்லாமற் போயிற்று. இருட்பொருளுக்கும் அக்கதி நேராதென எவரும் உறுதி கூறவில்லை. ஈர்ப்பு விதியைத் திருத்தினாற் போதும் என்போர் இன்றும் உளர்.

மாணவன் விரல்விட்டு எண்ணினான். "ஐம்பத்தாறு ஆண்டுகள், ஐயா" என்றான். ஆம் என்றோம்.