காத்திருத்தலும் கலங்காமையும்



ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் தெலங்கானா இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. அதன்பின் பொறியியல் நுழைவுத் தேர்வு, அதன்பின் தரவரிசை, அதன்பின் விருப்பக் கல்லூரிகளை இணையவழிப் பதிதல், அதன்பின் கட்டம் கட்டமாக இட ஒதுக்கீடு. ஆடி மாதம் வரையிலும் இது நீளுகிறது. ஹைதராபாத் மாநகரின் மேற்கே கொண்டாப்பூரில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இம்மாதங்களில் உலை கொதிக்கிறது, உண்ண மனமில்லை. கைபேசி ஒலித்தால் வீடே திடுக்கிடுகிறது. மகன் காத்திருக்கிறான், அவனினும் மிகுதியாகத் தாய் காத்திருக்கிறாள்.

இந்நிலையில் எழும் வினா ஒன்றை ஈண்டு ஆராய்வோம். பிள்ளையின் கல்வி குறித்துப் பெற்றோர் படும் கலக்கம் அன்பா, அன்றி அறியாமையா? கலங்காதிருத்தல் ஞானமா, அன்றிக் கல்நெஞ்சமா?

உழவனுக்கு உடனே செய்யவேண்டிய பணிகள் மூன்று உண்டென்று அங்குத்தர நிகாயத்தில் பகவான் விளக்குகிறார். நிலத்தை உழுதல், விதைத்தல், நீர் பாய்ச்சி வடித்தல் என்பன அவை. இவற்றில் அவன் சோம்பலாகாது. ஆயினும் இன்றே முளைத்து நாளையே கதிர்விடும்படி பயிரை ஏவும் ஆற்றல் அவனுக்கில்லை. மாணவன் நிலையும் இத்தகையதே. பயின்றான், தேர்வு எழுதினான், விருப்பப் பட்டியலையும் பதிந்தான். அத்துடன் அவன் உழவு முடிந்தது. எஞ்சியது அவன் ஒருவனைச் சார்ந்ததன்று. எத்தனை இடங்கள் உள்ளன, தன்னினும் முன் நிற்போர் எக்கல்லூரியைக் கேட்டனர், எவர் விலகினர் என்னும் பல சார்புகளால் அது தோன்றுகிறது. சார்பில் தோன்றுவதைத் தன் மன வேதனையால் அசைக்கலாம் என்று எண்ணுவதே பேதைமை. பேதைமையிலிருந்து வேட்கையும், வேட்கையிலிருந்து பற்றும், பற்றிலிருந்து துன்பமும் வளர்வதை நாம் அறிவோம்.

அம்பு தைத்தவன் மீது மீண்டும் ஓர் அம்பு தைப்பது போன்றது கல்லாதவன் துயரம் என்று சம்யுத்த நிகாயம் கூறும். முதல் அம்பு நேர்ந்த துன்பம். இரண்டாவது, அதனை எண்ணி எண்ணித் தன்னைத் தானே வாட்டிக்கொள்வது. காத்திருப்போரோ முதல் அம்பு வருமுன்னரே இரண்டாம் அம்பைத் தைத்துக்கொள்கின்றனர்! முதல் அம்பு வராமலே போகலாம் என்பதையும் மறந்துவிடுகின்றனர்.

‘பெற்ற வயிறு கலங்காதா?’ எனச் சிலர் வினவலாம். நியாயமான வினா. உபேக்கை எனப்படும் நடுவுநிலைக்கு அலட்சியம் அண்டைப் பகை என்று விசுத்திமக்கம் எச்சரிக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல் தோன்றும். ஆதலின் பிள்ளையை மறந்து இருங்கள் என்று யாம் கூறவில்லை. உம் கலக்கம் யாரைச் சுற்றுகிறது என்று சோதித்துப் பாருங்கள் என்றே கூறுகிறோம். ‘அவன் என்ன ஆவானோ’ என்னும் கவலை பிள்ளையைச் சுற்றுவது. ‘அடுத்த வீட்டார் கேட்டால் என்ன சொல்வேன்’ என்னும் கவலை நம்மையே சுற்றுவது. முன்னது பரிவாகக் கனியும். பின்னது வசையாக முடியும். பெரும்பாலான வீடுகளில் பின்னதே முன்னதன் உடையை உடுத்தி நடமாடுகிறது.

ஹைதராபாத்தை அடுத்த சில்கூரில் பாலாஜி கோயில் ஒன்றுண்டு. அயல்நாட்டு விசா வேண்டுவோர் திரளாகச் செல்வதால் அதற்கு விசா பாலாஜி என்றே பெயர் வழங்குகிறது. 11 முறை வலம் வந்து வேண்டுவர். எண்ணியது நிறைவேறின் 108 முறை வலம் வருவர். பிறர் நம்பிக்கையை இகழ்தல் நம் வழியன்று. ஆனால் திரிசரணம் ஏற்ற நம் குடும்பங்களிலும் ஒதுக்கீட்டுக் காலத்தில் பழைய நேர்த்திக்கடன்கள் ஓசையின்றித் திரும்புகின்றனவே, அதனை என்னென்பது? இடங்களோ வரையறுத்த எண்ணிக்கையின. என் மகனுக்கு ஓர் இடத்தை வரமாகக் கேட்பது, அவ்விடத்திற்குரிய மற்றொரு தாயின் மகனை நீக்குக என்று கேட்பதேயாகும். இதே பேரத்தைப் புத்தர் திருவுருவத்தின் முன் நடத்தினும் அது தம்மமாகாது.

இனி, இதனினும் கடுமையான தடை ஒன்று. ‘அமைதியாய் இரு என்று நூற்றாண்டுகளாக நமக்குச் சொன்னவர்கள் நம்மை வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் அல்லவா? நீரும் அதையே சொல்வதா?’ என்பது. அன்று! கலங்காமை வேறு, அடங்கிப் போதல் வேறு.

2019 ஏப்ரல் 18 அன்று வெளியான இன்டர்மீடியட் முடிவுகளை இம்மாநிலம் மறவாது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் தேறவில்லை என்றனர். தெலுங்கில் சுழியம் பெற்றதாகக் காட்டப்பட்ட ஒரு மாணவியின் விடைத்தாளை மீண்டும் பார்த்தபோது அவர் பெற்றிருந்தது 99! பெற்றோரும் மாணவரும் தெருவில் நின்று போராடிய பின், தேறாதோர் அனைவரின் தாள்களையும் கட்டணமின்றிச் சரிபார்க்க அரசு ஆணையிட்டது; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தேறியவராயினர். அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட இளம் உயிர்களை இழந்துவிட்டோம். காகிதம் பொய் சொல்லலாம். அதனைத் திருத்தவும் இயலும். போன உயிரைத் திருத்துவார் யார்?

மற்றொன்று கேளுங்கள். உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத்தில் தினக்கூலித் தொழிலாளியின் மகனான பட்டியலின மாணவர் ஒருவருக்கு 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் செலுத்த இயலாமையால் அது கைநழுவிற்று. அவர் ஆணையத்தை நாடினார். சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். இறுதியில் உச்சநீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. மூன்று மாதம் காத்திருந்தார்; கைகட்டிக் காத்திருக்கவில்லை. தெளிந்த மனமே மனு எழுதும். கலங்கிய மனம் தேதியையும் தவறவிடும்.

ஆலையில் பணியாற்றிய காலத்தில் பதிலித் தொழிலாளராய் விடியற்காலையில் வாயிலில் நின்றிருக்கிறேன். பெயர் அழைக்கப்பட்டவன் உள்ளே செல்வான். அழைக்கப்படாதவன் தூக்குச் சட்டியுடன் வீடு திரும்புவான். இருவருக்கும் தொழில் ஒரே அளவே தெரியும். வாயில் அறிவித்தது அன்றைய ஆள் தேவையை; மனிதனின் மதிப்பை அன்று. கல்லூரி வாயிலும் அவ்வாறே. தரவரிசை எண் ‘நான்’ அன்று, ‘எனது’ம் அன்று. அநாத்ம போதனையை ஏட்டில் படித்த நாம் அதனைப் பயிலவேண்டிய இடம் இதுவே.

பாபாசாகேப் அம்பேத்கரும் காத்திருந்தார். 1916இல் இலண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்தவர், பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் ஆய்வை இடையில் நிறுத்தித் திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டு வரலாம் என்னும் அனுமதியே அவர் கையிலிருந்தது, பணமில்லை. அவ்விடைக்காலத்தை எவ்வாறு கழித்தார்? பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துப் பொருள் சேர்த்தார். 1919இல் சவுத்பரோ குழுவின் முன் நம் மக்களின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் அளித்தார். 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே இலண்டன் மீண்டு, 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இதே ஹைதராபாத்தின் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1953 ஜனவரி 12 அன்று அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

ஆதலின் பெற்றோர்க்குச் சில சொல்வோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, கட்டணப் பணம் ஆகியவற்றை முன்னரே ஆயத்தம் செய்க, அது உழவு. நாளொன்றுக்குப் பத்து முறை ‘என்ன ஆயிற்று’ என்று வினவுதலை விடுக; அது முளையைத் தோண்டிப் பார்த்தல். மாலையில் பிள்ளையுடன் அமர்ந்து சிறிது நேரம் மூச்சை நோக்குக. உடன் காத்திருக்கும் பிற பிள்ளைகளுக்கும் மைத்திரி பரப்புக. இடம் கிடையாவிடின் உம் வாயிலிருந்து வரும் முதற்சொல் யாதென இன்றே முடிவு செய்க. அச்சொல்லில் உயிர் நிற்கிறது. அண்ணலின் பெயர் தாங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்நகரிலேயே 1982 முதல் இயங்கி வருவதையும் பிள்ளைக்கு நினைவூட்டுக. ஒரு கதவே உலகம் என்று எவரும் அவனிடம் சொல்லாதிருக்கட்டும்.

காத்திருக்கும் இளையோர் அனைவரும் நலம் பெறுக! தம்மம் ஓங்குக!