தொப்பிக்குக் கீழே

பைலட் பயிற்சிக்குக் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வந்த ஒரு விண்ணப்பம். அதில் ஒட்டியிருந்த போட்டோ ராஜபாளையத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, தோளில் நான்கு தங்கப் பட்டைகள், கக்கத்தில் தொப்பி. பையன் இன்னும் ஒரு மணி நேரம்கூடப் பறந்ததில்லை. வர்த்தக விமானம் ஓட்டும் உரிமத்துக்கே 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நான்கு பட்டைகள் அதற்கும் பல வருஷங்களுக்கு அப்பால் இருக்கின்றன. அப்பாவுக்கு மில்லில் வேலை. "பாக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரட்டுமேன்னுதான் சார்" என்றார்.

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்ன காரணமேதான் அந்த உடை பிறந்த காரணமும்.

ஆரம்ப நாட்களில் விமானி என்றால் தோல் சட்டை, காற்றுக் கண்ணாடி, எண்ணெய்க் கறை. அவன் சாகசக்காரன். சாகசக்காரனை வேடிக்கை பார்க்க ஜனங்கள் கூடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் பின்னால் ஏறி உட்கார மாட்டார்கள். 1930களில் கடல் விமானங்களை ஓட்டிய பான் அமெரிக்கன் கம்பெனி தன் விமானிகளுக்குக் கப்பல் அதிகாரிகளின் உடையை மாட்டிவிட்டது. கேப்டன் என்ற பட்டமும் கப்பலிலிருந்து வந்ததுதான். கடல் பல தலைமுறைகளாகச் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கையை ஆகாயம் கடனாக வாங்கிக்கொண்டது. (உவமை என் உத்தியோகத்தின் தோஷம்.) 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியே பறந்த ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு இந்தச் சிரமம் இல்லை. அவர் ஏற்றி வந்தது தபால். தபால் பயப்படாது.

வேஷம் என்றாலே பொய் என்று எழுதிப் பழகியவர்கள் நாம். சீருடையைக் கண்டதும் அதைக் கிழித்து உள்ளே இருக்கும் 'உண்மையான மனித'னைக் காட்டிவிடத் துடிக்கிறோம். எனக்கு இந்தத் துடிப்பில் நம்பிக்கை குறைந்து வருகிறது. மதுரையில் விமானம் ஏறுகிறவன் ஓட்டுகிறவனின் திறமையைப் பரீட்சித்துவிட்டா ஏற முடியும்? 2001 செப்டம்பருக்குப் பின் உலகெங்கும் விமானி அறைக் கதவு பலமாகப் பூட்டிக் கிடக்கிறது. பயணிக்கு மிஞ்சுவது, பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் ஒரு வெள்ளைச் சட்டையும், ஒலிபெருக்கியில் வரும் அவசரமில்லாத ஒரு குரலும்தான். அந்தக் குரல்கூட ஒரு பாவனை. சோதனை விமானி சக் யேகரின் இழுவைப் பேச்சு கைமாறிக் கைமாறி அமெரிக்க விமானிகள் எல்லோருடைய பேச்சுமாகிவிட்டது என்று டாம் வுல்ஃப் 1979ல் வந்த தன் புத்தகத்தில் கேலியாக எழுதினார். இருக்கட்டுமே. இன்று என் சொந்தக் கவலைகளை வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல ஒருவனுக்கு ஒரு சட்டை வேண்டியிருக்கிறது. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

பொய் நுழைகிற இடம் வேறு. பயணிக்காகத் தைத்த உடையை அணிந்தவனே நம்பத் தொடங்குகிற இடம் அது. அதைவிட மோசம், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நம்பத் தொடங்குவது.

1977 மார்ச் 27. டெனரிஃப் தீவு. மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே விமானத்தைக் கிளப்பிய கே.எல்.எம். கேப்டன் வெல்ட்ஹௌசன் வான் சாண்டன் சாதாரண ஆள் அல்ல. பிற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். கம்பெனி விளம்பரங்களில் சிரித்த முகம் அவருடையது. விபத்துச் செய்தி கிடைத்ததும், விசாரணைக்கு அனுப்ப அவரைத்தான் கம்பெனி முதலில் தேடியது என்று சொல்வார்கள். விமானம் ஓடத் தொடங்கியபின், அந்த இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பின்னாலிருந்த எஞ்சினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதற்குமேல் எஞ்சினியர் கேட்கவில்லை. துணை விமானியோ, அந்த ரக விமானத்தை ஓட்டத் தகுதியானவர் என்று அதே கேப்டனிடம் சான்று பெற்று இரண்டு மாதம் ஆனவர். விளம்பரப் படத்தோடு யார் வாதம் செய்வது?

பட்டைகள்தாம் கொன்றன என்பது மிகை. பனி, ரேடியோக் குழப்பம், தாமதத்தின் எரிச்சல் எல்லாம் சேர்ந்தே கொன்றன. ஆனால் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்கவிடாமல் செய்தது எது?

நம் பக்கத்திலும் நடந்தது. 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம். இறந்தவர்கள் 158 பேர், பிழைத்தவர்கள் 8 பேர். கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருக்கிறார். இறங்கும் நேரத்தில், இறங்க வேண்டாம், மறுபடி மேலே போய்விடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதாக விசாரணை அறிக்கை கூறுகிறது. அவர் முன்னாலும் அதே விசைகள் இருந்தன. சொன்னார், தொடவில்லை.

டெனரிஃபுக்குப் பிறகு, இளையவன் வாய் திறக்கவும் மூத்தவன் காது கொடுக்கவும் விமானக் கம்பெனிகள் பாடம் நடத்தத் தொடங்கின. 1979ல் நாஸா கூட்டிய பட்டறையிலிருந்து வளர்ந்த பாடம் அது. நல்ல பாடம். அதற்காகப் பட்டைகள் கழற்றப்படவில்லை. கழற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

நான் குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். மார்கழியில் ஆண்டாள் கோவிலில் அரையர் சேவை பார்க்க நிற்பேன். பக்தியைவிடப் பழக்கம் என்பதே சரி. உயரமான கூம்புத் தொப்பி, கையில் தாளம். முத்துக்குறி என்றொரு பகுதி உண்டு. தாய், மகள், குறி சொல்லும் கட்டுவிச்சி மூவரும் ஒரே அரையரின் வாயிலிருந்துதான் பேச வேண்டும். உடை மாற்றம் கிடையாது, தொப்பியும் அதேதான். மகளின் ஏக்கத்தைத் தாயின் கவலை குறுக்கிடும். இரண்டையும் கட்டுவிச்சி எடுத்துக்கொள்வாள். தொப்பி அணிந்தவன் இவன், எனவே இவன் சொல்வதே முடிவு என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. டெனரிஃப் விமானத்தின் முன்னறையிலும் மூன்று பேர் இருந்தார்கள்.

கோவிலையும் விமானத்தையும் ஒப்பிடுவது அபத்தம் என்று நண்பர் ஒருவர் கோபித்தார். இருக்கலாம். பிம்பம் எங்கே பணிவிடை செய்கிறது, எங்கே எஜமானாகிறது என்று பார்க்க எனக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது அந்த மண்டபமும் என் கவுண்ட்டரும்தான். கவுண்ட்டரிலும் மானேஜரின் கையெழுத்து விழுந்த சீட்டை நான் இரண்டாம் தடவை கூட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது என் வேலை.

விண்ணப்பத்தை மேலே அனுப்பும் முன் வேறு போட்டோ வாங்கிவரச் சொன்னேன். மறுநாள் பையனே வந்தான். கட்டம் போட்ட சட்டை, கொஞ்சம் பயந்த முகம். கடன் தொகையை எழுத்தில் நான் தப்பாக எழுதியிருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டு, "சார், அது..." என்று இழுத்தான். திருத்தி, சுருக்கொப்பம் போட்டேன். பழைய போட்டோவைக் கிழித்துப் போட்டுவிடவா என்று கேட்டதற்கு, வேண்டாம் சார், அப்பா கேட்பார் என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.