ஆட்டத்தை விட்டவர்கள்

சின்ன வயதிலிருந்து பாடுபட்டுக் கற்ற ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது தப்பா? புதியம்புத்தூரில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ரெடிமேட் துணி தைக்கும் ஊர் இது. மிஷின் முன்னால் குனிந்திருக்கும் பெண்களில் எத்தனையோ பேர் பள்ளி ஆண்டு விழாவில் மேடை அதிர ஆடியவர்கள். "ஆடி என்னத்தக் கண்ட?" என்ற ஒரு கேள்வியில் அது முடிந்துபோயிருக்கும்.

ஆட்டத்தை விட்டவர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் லெஸ்லி கேரான். பிரான்ஸில் 1931இல் பிறந்த அவர் பாலே ஆடியவர். மேடையில் அவரைப் பார்த்த ஹாலிவுட் நடிகர் ஜீன் கெல்லி, 1951இல் வெளியான 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படத்தில் தனக்கு ஜோடியாக்கினார். போர்க்காலத்தில் சரியான சாப்பாடில்லாமல் வளர்ந்த உடம்பு. ஹாலிவுட் படப்பிடிப்பின் வேகத்துக்கு முதலில் ஈடுகொடுக்கவில்லை. பஞ்சம் பார்த்த கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஆட்டத்தை விட்டு நடிப்புக்கே வந்துவிட்டார். 1962இல் வந்த 'தி எல்-ஷேப்டு ரூம்' படத்தில், கல்யாணமாகாமல் கர்ப்பமாகி வாடகை அறையில் தனியே தங்கும் பெண்ணாக நடித்தார். அதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஆட வேண்டிய காட்சி இல்லாத வேடம்தான். ஆனாலும் அவர் நிற்பதிலும் திரும்புவதிலும் பழைய பயிற்சி தெரிகிறது என்றே எனக்குப் படுகிறது.

நம் பரதநாட்டியக் கலைஞர் குமாரி கமலாவின் கதை வேறு. மாயவரத்தில் பிறந்து, சிறுமியாகவே சினிமாவுக்கு வந்தவர். வழுவூர் ராமையா பிள்ளையின் சிஷ்யை. சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பு, 1947 ஜனவரியில் வந்த ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்தில், டி.கே.பட்டம்மாள் பாட, பாரதியின் பாடல்களுக்கு ஆடினார். அந்தப் பாரதி பிறந்த எட்டயபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். பரதநாட்டியத்தைச் சினிமா கெடுத்துவிட்டது என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். மதராஸ் சபாக்களுக்குப் போய் டிக்கெட் வாங்க எங்கள் சனங்களுக்கு எங்கே வழி இருந்தது? டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்துதான் அவர்கள் பரதத்தைப் பார்த்தார்கள். கமலாவுக்கு 1970இல் பத்மபூஷண். 1980இல் நியூயார்க் போய், அங்கே பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்தார்.

ஒருவர் ஆட்டத்தை விட்டார். இன்னொருவர் ஊரை விட்டும் ஆட்டத்தை விடவில்லை. இருவரையும் நான் மதிக்கிறேன். பெரியவர்களான பிறகு எந்தப் பக்கம் போவது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். எங்கள் பெண்களுக்கு வேறு யாரோ முடிவெடுத்துவிடுகிறார்கள்; என்னை வதைப்பது அதுதான். இதே சீமையில் தேவராட்டம் ஆடும் கம்பளத்துச் சமூகத்து ஆண்கள் காட்டு வேலையும் பார்க்கிறார்கள், விசேஷமென்றால் சலங்கையும் கட்டுகிறார்கள். ஆடி என்ன கண்டாய் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆட ஆசை இருந்தால் ஆட விடுங்கள். ஆட்டத்தை விடுவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும்.