பிளக்கின் நிறம்

காலை. தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். லயத்து வாசலில் நானும், போன வாரம் கொழும்பில் வாங்கிய பழைய 125 சி.சி. டூ ஸ்ட்ரோக் ட்ரெயில் பைக்கும் மட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பால் தேத்தண்ணி நிறம். எந்தக் கராஜிலும் இதைக் கண்டால் நல்ல எஞ்சின் என்பார்கள்.

*

நானுஓயா ஏற்றத்தில் முழுசாக முறுக்கினால் புகை தள்ளித் திக்குகிறது. முறுக்கை விட்டாலோ, சத்தம் உடனே இறங்காமல் மேலேயே நின்று, மனமில்லாமல் தணிகிறது. முன்னது பெற்றோல் கூடிய குணம். பின்னது காற்று கூடிய குணம். ஒரே எஞ்சினுக்குள் இரண்டும் எப்படி?

*

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்த அளவுக்குக் கார்புரேட்டரில் பெற்றோல் குறைவதில்லை. 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்குக் கீழிருந்து வருகிற வண்டிகளுக்கும் இதே கணக்குத்தான். பெற்றோலை அளந்து விடும் ஜெட்டைச் சின்னதாகப் போட்டால் தீர்ந்தது. ஸ்குரூட்ரைவரைக் கையில் எடுத்தேன். அந்த இறங்காத சத்தம் நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டேன்.

*

டூ ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. பிஸ்டனுக்கு வேண்டிய ஒயிலும் அதோடுதான் வருகிறது. கிராங்கின் இரு முனையிலும் ஒவ்வொரு சீல். கிளச் பக்கத்துச் சீல் தேய்ந்தால் கியர் ஒயிலை உறிஞ்சி வெண்புகை விடும். என் கியர் ஒயில் குறையவில்லை. மேக்னெட் பக்கத்துச் சீல் தேய்ந்தால் வெறுங்காற்றை உறிஞ்சும். மேக்னெட்டைக் கழற்றினேன். சீலைச் சுற்றி ஈரமான கறுப்பு அழுக்கு.

*

ஜெட்டை மட்டும் மாற்றியிருந்தால்? கூடுதல் பெற்றோல் போயிருக்கும், ஓட்டைக் காற்று மிஞ்சியிருக்கும். ஏதோ ஒரு நீண்ட இறக்கத்தில் பிஸ்டன் ஜாம் ஆகிப் பின்சில்லு பூட்டியிருக்கும். இத்தனை நாள் ஒரு கோளாறு இன்னொன்றுக்குக் காவல் இருந்திருக்கிறது. பிளக்கின் அந்த நல்ல நிறம் இரண்டு பிழைகள் கலந்து வந்தது.

*

புதுச் சீல் போட்டேன். வண்டி இன்னும் மோசமானது. பிளக் கறுத்து நனைந்திருந்தது. பயப்படவில்லை. இந்த எஞ்சின் என்னிடம் ஒளிக்காமல் சொன்ன முதல் வார்த்தை அது. அதன் பிறகே 140 ஜெட்டை எடுத்துவிட்டு 130 போட்டேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்.

*

அந்தி. கீழே கொழுந்து நிறுக்கிறார்கள். ஏற்றத்தில் திக்கல் இல்லை. முறுக்கை விட்டதும் சத்தம் சட்டென இறங்கி அமர்ந்தது. பிளக்கில் மறுபடியும் பால் தேத்தண்ணி நிறம். காலையில் பார்த்த அதே நிறம்தான்.

பழைய 140 ஜெட்டைத் தீப்பெட்டியில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்தேன். ஹட்டன் தாண்டி அவிசாவளைக்கு இறங்கும் நாளில் காற்று கனக்கும். அங்கே இந்த 130 போதாது.