பிடித்தது யார்?

திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் முழுகி எழுபவர்கள் நளன் கதையை அறிவார்கள். நாடிழந்து காட்டில் அலைந்தவனை மனவலிமை இல்லாதவன் என்று அவர்கள் பழிப்பதில்லை. சனி பிடித்திருந்தது என்கிறார்கள். துன்பத்துக்கு வெளியே ஒரு காரணம் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மையை நாம் விளையாட்டு வீராங்கனைகளுக்குத் தருவதில்லை.

சாந்தி சௌந்திரராஜன் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடல் ஊருக்கெல்லாம் செய்தியானது. 2007இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். பின்னாளில் அவரும் சூளையில் கூலி வேலை செய்தார்.

இதை ‘மன அழுத்தம்’ என்று சொல்லி, சிகிச்சையோடு முடித்துக்கொள்ளலாமா? சிகிச்சை வேண்டும், அது உரிமை. ஆனால் உடைந்தவரிடம் மட்டுமே உறுதியைக் கேட்டால், உடைத்தவர்கள் கணக்கில் வருவதே இல்லை. சாந்தியைப் பிடித்தது கிரகம் அல்ல. பெண்ணுடல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அளந்த விதி; அந்தரங்கத்தைச் செய்தியாக்கி விற்ற ஊடகம்; துணை நிற்காத விளையாட்டு அமைப்புகள்.

விதியை மாற்ற முடியும். ஒடிசாவின் டூட்டீ சந்த் அப்படியொரு விதியை எதிர்த்து வழக்காடி, 2015இல் அதை நிறுத்திவைக்கச் செய்தார்.

நளனுக்கு நாடு திரும்பக் கிடைத்தது. சாந்தி அரசுப் பயிற்சியாளரானார், பதக்கம் திரும்பவில்லை. அதைத் திருப்பிக் கேட்பதும் மனநலப் பணிதான்.