தன் வேலைக்குத் தானே சாட்சியா?



நமது கோயில் வாசலில் விசேட நாட்களில் நிற்கும் கார்களில் பாதிக்கு மேல் பழையவை. புதிய நாட்டில் காலூன்றும் குடும்பங்களுக்கு அதுவே இயலும். பட்டறைக் கூலியைக் கேட்டதும், "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே" என்று தோன்றுவதும் இயல்பு. சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் பிரேக் விஷயத்தில் அதற்கு எல்லை எது? இந்தக் கேள்வி எமக்கு டாலாவில் எழுந்தது.

டாலா, யாங்கோன் ஆற்றின் தென்கரை. பான்சோடான் துறையில் படகேறினால் சில நிமிடங்களில் போய்ச் சேரலாம். ஐராவதி புளோட்டில்லா கம்பெனியின் பெரிய கப்பல் பட்டறை ஒரு காலத்தில் அங்கே இருந்தது. பழைய கார்களை ஒப்படைத்தால் இறக்குமதி அனுமதி தரும் திட்டம் 2011 செப்டம்பரில் அறிவிக்கப்படும் வரை, பர்மாவில் இருபது முப்பது வருடக் கார்களே சாதாரணம். எமது வீட்டிலும் 2009இல் அப்படி ஒரு கொரோல்லா இருந்தது. நாம் அப்போது ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம்.

பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. வாரம் ஒருமுறை டப்பாவை நிரப்பினோம். எங்கே ஒழுகுகிறது என்று தேடவில்லை. ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு துவாண்டே வரை போய் வந்தோம். ஒரு நாள் கடைத்தெருவில் மிதித்த மிதி அடிவரை இறங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. ரிக்‌ஷாவில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். அவர் எம்மைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கணக்கு ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு மூடிவிடுவார்கள் சிலர். ஆபீசில் அதை நாம் கண்டித்தவர்கள். வீட்டில் வாராவாரம் அதையே செய்திருக்கிறோம்.

கப்பல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவரை உடன் வைத்துக்கொண்டு வீட்டிலேயே வேலையை ஆரம்பித்தோம். சக்கரங்களுக்கு அடை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தோம். பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் ஈரம் தெரிந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. அந்த ஈரம் உள்ளே துருவேற்றும். துருப்பிடித்த இடத்தில் ரப்பர் கப் தேயும். ஈரம் கலந்தால் கொதிநிலையும் இறங்கும்: டாட் 3 ஆயிலுக்கு 205 டிகிரியாக இருக்க வேண்டியது 140 வரை வரலாம். கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கிவிடுவதால் மிதி பிடிக்காது.

புது சிலிண்டர் போட்டோம். ஆயிலில் நனைந்த ஷூக்களைத் துடைத்துப் போடலாமே என்றோம். மாமா மறுத்து, இரு பக்கமும் மாற்றச் சொன்னார். டிரம்மில் இருந்த தூசியை ஊதவும் விடவில்லை. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். பிறகு ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினோம்.

"முடிந்தது மாமா" என்று சாவியை எடுத்தோம். அவர் கேட்டார்: "கணக்கு எழுதினவனே தணிக்கையும் பண்ணலாமா தம்பி?"

அவரே உட்கார்ந்து மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார். மிதி இறங்கவில்லை. நான்கு சக்கரங்களையும் தடவிப் பார்த்தார். வெறும் மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே தெருவுக்கு விட்டார். மறுநாளும் வந்து ஆயில் அளவைப் பார்த்தார்.

கூரை ஒழுகினால் நனைவது நம் வீடு, பொறுத்துக்கொள்ளலாம். பிரேக் ஒழுகினால் அடிபடுபவர் எதிரே வருபவர். அவரிடம் நாம் சம்மதம் கேட்கவில்லை. நம் சிக்கனத்தில் அவருக்குப் பங்கும் இல்லை. ஆகவே வீட்டில் பழுதுபார்ப்பது தவறென்று சொல்லமாட்டோம். நம் கை செய்ததை நம் கண் மட்டும் பார்த்துவிட்டுத் தெருவில் இறக்குவதே தவறு. அதற்கும் முன்னால், ஒழுகுகிறது என்று தெரிந்தும் ஊற்றி ஊற்றி ஓட்டுவது பெரிய தவறு. தெரிந்தவர் எவரும் பக்கத்தில் இல்லையென்றால் பட்டறைக் கூலியைக் கொடுத்துவிடுவதே முறை.

இந்த வாரம் உங்கள் காரின் மூடியைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். குறைந்திருந்தால், ஊற்றுவதற்கு முன் ஏன் குறைந்தது என்று கேளுங்கள். கோயிலுக்கு வரும் பிள்ளைகள் அந்தக் காரில்தான் வருகிறார்கள்.